மாடிப்படி, சலவை மூட்டை, ஷ்லெப்: ஒரு மடக்கு வண்டியின் விமர்சனம்

சாமான் இழுத்துப் போகிற இந்த மடக்கு வண்டிக்கு நியூயார்க்கில் 'கிரானி கார்ட்', அதாவது பாட்டி வண்டி, என்று பெயர். கறுப்பு பெயின்ட் அடித்த கம்பிக் கூடை, பின்னால் 10 அங்குலத்தில் இரண்டு பெரிய சக்கரங்கள், முன்னால் இரண்டு சின்னச் சக்கரங்கள், இடுப்புக்குச் சற்று மேலே வருகிற கைப்பிடி. மடக்கினால் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடலாம். புரூக்ளினில் கென்சிங்டன் பக்கம் இருக்கிறேன். எங்கள் பகுதி ஹார்டுவேர் கடை ஒன்றில் 50 டாலருக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கினேன். 8.875 சதவீத விற்பனை வரி தனி. தயாரித்த கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் இந்த வண்டியைப் பல பெயர் ஒட்டி விற்கிறார்கள். பெயரைப் பார்த்து வாங்குவதைவிடச் சக்கரத்தைப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

என் நிலைமையைச் சொன்னால்தான் இந்த விமர்சனம் உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியும். வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லாத பழைய செங்கல் கட்டடம். கார் கிடையாது. வீட்டுக்குள் துணி துவைக்கிற மெஷின் கிடையாது, சலவைக்கூடம் இரண்டு தெரு தள்ளி. இடது தோளில் பழைய வலி ஒன்று நிரந்தரமாகக் குடியிருக்கிறது. 2020 மார்ச் முதல் நியூயார்க் மாநிலக் கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். காகிதப் பை வேண்டுமென்றால் 5 சென்ட். மழையில் பாதி வழியிலேயே அதன் அடி கழன்றுவிடும். இத்தனையும் சேர்ந்த ஒரு வாழ்க்கைக்கு இங்கே ஒரு சொல் இருக்கிறது. எதிர் வீட்டில் இருக்கும் அம்மாள்தான் அதை என் காதில் போட்டது: ஷ்லெப்.

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எண்பதைத் தாண்டியவர், பிராங்க்ஸில் வளர்ந்தவர். பிள்ளைகளுக்குப் புரியக் கூடாத பேச்சை அப்பாவும் அம்மாவும் யிட்டிஷில், அதாவது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியில், பேசிக்கொள்வார்களாம். அதனாலேயே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு கற்றுக்கொண்டார்களாம். நான் இரண்டு தோளிலும் பை மாட்டிக்கொண்டு படியேறி வந்து வாசலில் நின்று மூச்சு வாங்குவதை அவர் பல முறை பார்த்திருக்கிறார். ஒருநாள் கதவைத் திறந்து, "புபெலெ, இத்தனையையும் நீ ஏன் ஷ்லெப் பண்ணுகிறாய்? ஒரு வண்டி வாங்கக் கூடாதா?" என்றார். புபெலெ என்பது செல்லமாகக் கூப்பிடுகிற சொல். நம் பாட்டிமார் 'கண்ணு' என்பார்களே, அதன் இடத்தில் வருவது. வண்டி வாங்கியதற்கு அவர்தான் காரணம். அந்தச் சொல் என் வாயில் ஒட்டிக்கொண்டதற்கும் அவரே காரணம்.

ஷ்லெப்பை அகராதியில் பார்த்தால் இழுத்தல், சுமந்து செல்லுதல் என்று போட்டிருக்கும். அது சரிதான், ஆனால் பாதிதான். இழுப்பதற்கும் சுமப்பதற்கும் ஆங்கிலத்தில் ஏற்கெனவே நாலைந்து சொற்கள் உண்டு. ஷ்லெப்பில் சுமையோடு சேர்ந்து சொல்கிறவரின் முனகலும் வந்துவிடுகிறது. எதிர் வீட்டு அம்மாளின் பேச்சைக் கவனித்துக் கவனித்து நான் ஒரு கணக்குக்கு வந்திருக்கிறேன். கனம், தூரம், மனசில்லாமை: இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அது ஷ்லெப். காதலிக்குப் பூங்கொத்து எடுத்துப் போகிறவன் ஷ்லெப் பண்ணுவதில்லை, எவ்வளவு தூரம் நடந்தாலும். அதே ஆள், தேவையே இல்லாத ஒரு குடையை நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினால் குடையை ஷ்லெப் பண்ணினான் என்பார்கள்.

சுமை எதுவும் இல்லாமலும் ஷ்லெப் பண்ணலாம். பல் டாக்டரைப் பார்க்க இரண்டு ரயில் மாறி மன்ஹாட்டனின் மறுமுனைக்குப் போய் வந்தேன் என்றால், 'அவ்வளவு தூரம் ஷ்லெப் பண்ணினேன்' என்பார்கள். அந்தப் பயணமே 'ஒரு ஷ்லெப்' ஆகிவிடும், பெயர்ச்சொல்லாக. வீடு பார்க்கப் போனால் "அறையெல்லாம் அருமை, ஸ்டேஷனிலிருந்துதான் கொஞ்சம் ஷ்லெப்" என்று வரும். ஆட்களையும் ஷ்லெப் பண்ணலாம்: விருப்பமில்லாத கணவரைக் கல்யாண வீட்டுக்கு, பிள்ளையைப் பியானோ வகுப்புக்கு. இறந்தகாலத்துக்கு ஆங்கில விகுதி, நடக்கிற வேலைக்கு ஆங்கில விகுதி என்று வேர் யிட்டிஷிலும் உடை ஆங்கிலத்திலுமாக அது முழுக்கக் குடியேறிவிட்டது. நாம் 'பண்ணு' சேர்த்து எந்தச் சொல்லையும் தமிழ் வினையாக்கிவிடுவதற்கு இது பக்கத்து வீடு.

தமிழில் இதற்கு ஒரே சொல்லைத் தேடினால் சிக்குவதில்லை. ஆனால் 'லோலோ என்று அலைந்தேன்' என்கிறோமே, தூரத்துக்கும் சலிப்புக்கும் அது கச்சிதம். 'மூட்டை முடிச்சைக் கட்டி இழுத்துக்கொண்டு' என்பது கனத்துக்கு. இந்த இரண்டையும் ஒரே அசையில் திணித்தால் ஷ்லெப்.

'ஷ்லெப்பர்' என்றால் ஆளைக் குறிக்கும், அது அவ்வளவு மரியாதை இல்லை. கசங்கிய சட்டையும் கலைந்த தலையுமாகத் திரிகிறவன், எதற்கும் உதவாமல் இழுபடுகிறவன் என்கிற தொனி. ஜெர்மனில் அதே உருவச் சொல் இழுவைப் படகையும் டிராக்டரையும் குறிக்கிறது. யிட்டிஷும் ஜெர்மனும் ஒரு தாய்வழி உறவு. இரண்டிலும் வினை இழுப்பதுதான். யிட்டிஷ் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஜெர்மன் பேசிய பகுதிகளின் யூதர்களிடம் பிறந்து, எபிரேய எழுத்தில் எழுதப்பட்டு, எபிரேயச் சொல்லும் ஸ்லாவியச் சொல்லும் சேர்த்துக்கொண்டு கிழக்கு ஐரோப்பா முழுக்கப் பரவிய மொழி.

அந்த மொழி நியூயார்க்குக்கு வந்த கதை இந்த வண்டியோடு சம்பந்தப்பட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1880-க்கும் 1924-க்கும் இடையில் ஏறக்குறைய இருபது லட்சம் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்கா வந்தார்கள். 1924-ல் குடியேற்றச் சட்டம் கதவைச் சாத்தியது. வந்தவர்களில் பெரும் பகுதியினர் முதலில் தங்கியது மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில். ஹெஸ்டர் தெரு, ஆர்ச்சர்ட் தெரு முழுக்கத் தள்ளுவண்டிகள்: மீன், ஊறுகாய், பொத்தான், கண்ணாடி, பழைய கோட்டு. கடை வைக்கப் பணம் இல்லாதவனுக்கு வண்டி வாடகைக்குக் கிடைத்தது. காலையில் தள்ளிக்கொண்டு வருவது, இரவில் தள்ளிக்கொண்டு போவது, நடுவில் நாள் முழுக்க நிற்பது. 1930-களில் மேயர் லகார்டியா இந்த வண்டிகளைத் தெருவிலிருந்து எடுத்துக் கூரையுள்ள சந்தைகளுக்குள் நகர்த்தினார். அப்படி 1940-ல் திறந்ததுதான் எஸ்ஸெக்ஸ் தெருச் சந்தை. 2019-ல் அது டெலான்சி தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு மாறியது.

ஆர்ச்சர்ட் தெரு 97-ம் எண் கட்டடம் இப்போது டெனமென்ட் மியூசியம், குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகைக் கட்டடத்தைக் காட்டுகிற அருங்காட்சியகம். 1863-ல் கட்டியது. 1935 வரை சுமார் 7,000 பேர் அங்கே குடியிருந்திருக்கிறார்கள். முதலில் வீட்டுக்குள் குழாய் கிடையாது; கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் பின்முற்றத்தில். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, எல்லாத் தண்ணீரும் வாளியில் படியேறியது. அடுப்புக்கான கரியும் அப்படித்தான். அந்தக் கட்டடத்தின் இருட்டுப் படிக்கட்டில் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு ஏறிப் பாருங்கள். இழுப்பதற்கும் சுமப்பதற்கும் சலித்துக்கொள்வதற்கும் சேர்த்து ஒரே சொல்லை இவர்கள் கையோடு கொண்டுவந்ததும், இந்த ஊர் அதைப் பிடித்துவைத்துக்கொண்டதும் உடனே புரிந்துவிடும். எனக்குப் புரிந்தது. மற்ற ஊரை விட நியூயார்க்கில் அந்தச் சொல் இவ்வளவு சகஜமாகப் புழங்க, யூதர்களின் எண்ணிக்கையோடு இந்த ஊரின் படிக்கட்டுகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, வண்டிக்கு வருவோம்.

சமதளத்தில் இது மிக நன்றாக ஓடுகிறது. பெரிய பின்சக்கரத்தின் மேல் சாய்த்து இழுக்கும்போது கனம் முழுக்க அச்சின் மேல் உட்கார்ந்துகொள்கிறது; கைக்கு வருவது திசை மாற்றுகிற வேலை மட்டும். 20 பவுண்டு இட்லி அரிசி ஒன்று, 20 பவுண்டு சாப்பாட்டு அரிசி ஒன்று, அதன் மேல் துவரம் பருப்பு, புளி, நல்லெண்ணெய், கறிவேப்பிலை. இதை எல்லாம் குவீன்ஸ் ஜாக்சன் ஹைட்ஸில் 74-வது தெருவில் வாங்கி, எஃப் ரயிலில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சர்ச் அவென்யூவில் இறங்கி வீடு வரை இழுத்து வருகிறேன். இரண்டு ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருப்பது பெரிய கொடுப்பினை. இந்த நகரத்தின் 472 சப்வே ஸ்டேஷன்களில் சக்கர நாற்காலியோடு போய்வர முடிகிறவை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். 2055-க்குள் 95 சதவீத ஸ்டேஷன்களை அப்படி மாற்றுவதாக 2022-ல் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. வண்டி வாங்குகிறவர்கள் முதலில் தங்கள் ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த வண்டியால் உங்களுக்கு முழுப் பயன்.

படிக்கட்டில்தான் சோதனை. மேலே ஏற்றும்போது நீங்கள் பின்பக்கமாக ஏற வேண்டும், வண்டி உங்கள் முன்னால் இருக்க வேண்டும். படியின் உயரம் சாதாரணமாக 7, 8 அங்குலம். சக்கரம் 10 அங்குலம் என்பதால் படியின் விளிம்பில் தடுக்கி நிற்காது. ஒரு தம் கொடுத்தால் உருண்டு ஏறிவிடும். 6 அங்குலச் சக்கரம் உள்ள மலிவு வண்டியில் இது நடக்காது, முழு எடையையும் தூக்கத்தான் வேண்டும். அரிசியைக் கட்டாயம் அடியில், பின்சக்கரத்தை ஒட்டி வையுங்கள். மேலே வைத்தால் ஒவ்வொரு படிக்கும் வண்டி உங்கள் மேல் சாயப் பார்க்கும். இறங்கும்போது நான் வண்டியைக் கீழே விட்டு, மேல்படியில் நின்று, ஒவ்வொரு படியாக இறக்குகிறேன். கீழே யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டுதான்.

சலவை நாளுக்கு இந்த வண்டியை விடச் சிறந்தது எதையும் நான் பார்க்கவில்லை. துணி மூட்டை கனமில்லை, ஆனால் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டிய பருமன். கீழே பார்க்க முடியாமல் படி இறங்குவது பயம். இப்போது மூட்டை கூடைக்குள், சோப்புத் திரவம் பக்கத்தில், கைப்பிடியில் சில்லறைப் பை. தோள் வலி முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சலவை நாளுக்கு மறுநாள் கை தூக்க முடியாமல் கிடந்த காலம் போய்விட்டது. இதற்கு மட்டுமே 50 டாலரை நான் மறுபடியும் கொடுப்பேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தை அச்சில் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன உலோக மூடிதான். வாங்கிய சில மாதங்களில் நடைபாதை விளிம்பில் இறங்கும்போது அது தெறித்து ஓடிவிட்டது, பின்னாலேயே சக்கரமும். வெங்காயம் தெருவில் உருண்டது. விற்ற கடையில் போய்க் கேட்டால் உதிரிபாகம் தனியாக வராது, புது வண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு மூடிக்காக முழு வண்டியைக் குப்பையில் போடச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வேறொரு கடையில் அச்சின் முனையில் ஓட்டை போட்டு, காட்டர் பின் என்கிற வளைத்து மாட்டும் கம்பி ஊசியை மாட்டித் தந்தார்கள். அதற்கப்புறம் ஒரு தொல்லையும் இல்லை. வாங்கும்போதே முனையில் பின் மாட்டிய வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே சக்கரத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள்.

கம்பிக்கு நடுவே இடைவெளி பெரிது. எலுமிச்சை, சின்ன வெங்காயம், மாத்திரை டப்பா எல்லாம் வழியில் விழும். உள்ளே போடுகிற துணி உறை தனி விலை. அதை வாங்கித்தான் ஆக வேண்டும், மூடி உள்ளதாக. முன்சக்கரங்கள் நேராக மட்டும்தான் ஓடும், திரும்பாது. கடைக்குள் குறுகிய வழியில் ஒவ்வொரு தடவையும் முன்பக்கத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பு பட்டுப் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துருப்பிடிக்கிறது. காலி வண்டியே 15 பவுண்டுக்கு மேல் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் மாடியேற்ற வேண்டும்.

படியேறுகிற வண்டி என்று இன்னொரு வகை விற்கிறார்கள். பக்கத்துக்கு மூன்று சின்னச் சக்கரங்கள், ஒரு நட்சத்திர வடிவச் சட்டத்தில் பொருத்தியவை. ஒரு சக்கரம் படியில் முட்டினால் சட்டம் சுழன்று அடுத்த சக்கரம் மேல்படியில் போய் உட்காரும். மாடி வீட்டு நண்பரிடம் இருக்கிறது, இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். படிக்கட்டில் அது என் வண்டியை விட நிச்சயமாகச் சிறந்தது, பாதிப் பலம் போதும். ஆனால் தெருவில் சின்னச் சக்கரம் நடைபாதை வெடிப்பில் எல்லாம் மாட்டுகிறது. கான்வாஸ் பையில் கொள்ளளவும் குறைவு, சலவை மூட்டை போகாது. ஸ்டேஷனில் லிஃப்ட் இல்லாமல், ஆளும் தனியாக இருந்து, வாங்குவது வாரக் காய்கறி மட்டும் என்றால் அதை வாங்குங்கள். குடும்பத்துக்கும் சலவைக்கும் என்றால் கம்பி வண்டிதான்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பரோ பார்க். அங்கே 13-வது அவென்யூவில் வெள்ளிக்கிழமை முற்பகலில் போய் நின்றால் யிட்டிஷை உயிரோடு கேட்கலாம். மரபை இறுக்கமாகக் கடைப்பிடிக்கிற ஹசிடிய யூதக் குடும்பங்களில் அதுதான் வீட்டு மொழி. அம்மா பிள்ளையை அதட்டுவது, ரொட்டிக் கடையில் கணக்குச் சொல்வது, எல்லாம் அதில்தான். இரண்டாம் உலகப் போருக்கு முன் யிட்டிஷ் பேசியவர்கள் ஒரு கோடிக்கு மேல். நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மொழிக்காரர்கள். அந்தக் கணக்கு மனதில் இருக்கும்போது, ஒரு சின்னப் பெண் குழந்தை அந்த மொழியில் ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடிப்பதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை அங்கே எல்லார் கையிலும் சுமைதான். சூரியன் மறைந்தால் யூதர்களின் வாராந்தர ஓய்வு நாளான சபாத் தொடங்கிவிடும். சமைக்கிறதும் வாங்குகிறதும் அதற்குள் முடிய வேண்டும். சபாத் அன்று செய்யக் கூடாது என்று யூத மரபு வகுத்த 39 வகை வேலைகளில், பொருளை வீட்டிலிருந்து பொது வெளிக்குச் சுமந்து செல்வதும் ஒன்று. வாரத்தில் ஒரு நாள் சட்டப்படியே சுமை இறக்கி வைக்கிற மரபு! வாரம் முழுக்கச் சுமப்பவளாகச் சொல்கிறேன், அதைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. குழந்தை வண்டியின் இரண்டு கைப்பிடியிலும் பை தொங்க, கீழ்த்தட்டில் பால் கேன் வைத்து, இன்னொரு கையில் பெரிய பையனைப் பிடித்துக்கொண்டு போகிற அம்மாக்களைப் பார்க்கும்போதெல்லாம் என் வண்டி எவ்வளவு இலகுவானது என்று தோன்றும்.

சொல்லைப் பயன்படுத்த நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள், எனக்குப் பழகிய அளவில். ஷ்லெப் நாகரிகமான சொல், ஆபீஸில் தாராளமாகச் சொல்லலாம். "இந்தக் கூட்டத்துக்காக நியூ ஜெர்சியிலிருந்து ஷ்லெப் பண்ணி வந்திருக்கிறேன்" என்றால் சிரிப்பார்கள், தப்பாக எடுக்க மாட்டார்கள். ஆனால் ஷ் என்று தொடங்குகிற எல்லாவற்றையும் அப்படி எடுத்துவிடக் கூடாது. 'ஷ்மக்' ஆங்கிலத்தில் முட்டாள் என்கிற அளவில் புழங்கினாலும் யிட்டிஷ் தெரிந்த பெரியவர்கள் முன் சொல்லக் கூடாத கெட்ட வார்த்தை. 'ஷ்மூஸ்' பண்ணுவது, அதாவது உட்கார்ந்து அரட்டையடிப்பது, நல்ல சொல். 'கிளட்ஸ்' என்றால் கைக்கு எட்டியதை எல்லாம் தட்டிவிடுகிறவர், யிட்டிஷில் மரக்கட்டை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம்மவர்கள் நாளுக்குப் பத்து முறை சொல்கிற 'கிளிட்ச்' கூட, வழுக்குவதைக் குறிக்கும் யிட்டிஷ் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன.

உச்சரிப்பில் ஒரே அசை. ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள் 'ஷ்ல', 'ஷ்ம' என்று தொடங்குவதில்லை, அதனாலேயே இவை காதில் தனியாகக் கேட்கும். அந்த 'ஷ்ம' ஒலியை வைத்து நியூயார்க்காரர்கள் செய்கிற ஒன்று நமக்கு நன்றாகப் பழகியது. நாம் 'காப்பி கீப்பி', 'வண்டி கிண்டி' என்போம் அல்லவா? அவர்கள் முதல் எழுத்தைத் தள்ளி 'ஷ்ம' போட்டுத் திருப்பிச் சொல்வார்கள். 'ஃபேன்சி ஷ்மேன்சி' என்று. நம்முடையதில் 'இன்ன பிற' என்கிற பொருள் கூடுதல். அவர்களுடையதில் 'பெரிய இது' என்று ஒதுக்கித் தள்ளுகிற தொனி கூடுதல். எதிர் வீட்டு அம்மாளுக்குக் 'காப்பி கீப்பி'யைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது கதவைத் தட்டி அதே சொல்லில்தான் என்னைக் கூப்பிடுகிறார்.

இலக்கியத்திலும் இந்தச் சொல் சீக்கிரமே நுழைந்திருக்கிறது. 1922-ல் வெளிவந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலில், கடற்கரையில் சுமையை இழுத்து நடக்கும் ஒரு பெண்ணுக்காக, இழுத்தல் என்ற பொருளில் பல மொழி வினைகளை அடுத்தடுத்து அடுக்கும் இடத்தில் ஷ்லெப்பும் இருக்கிறது. ஆனால் சாதாரண அமெரிக்க வாய்க்கு இதைக் கொண்டுபோனவர்கள், என் அபிப்பிராயத்தில், நியூயார்க் யூதர்கள் விடுமுறைக்குப் போன கேட்ஸ்கில் மலை விடுதிகளில் மேடையேறி, அங்கிருந்து வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் போன யூத நகைச்சுவைக் கலைஞர்கள்தான்.

வண்டிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ஒன்று குறைந்தது அந்தச் சக்கர மூடிக்காகவும், உதிரிபாகம் விற்காததற்காகவும். கனம், தூரம், மனசில்லாமை என்று மேலே ஒரு கணக்குச் சொன்னேன் இல்லையா? கனத்தை இந்த வண்டி பெரும்பாலும் எடுத்துவிடுகிறது. தூரத்தை ஒன்றும் செய்ய முடியாது. நான் எதிர்பாராதது மூன்றாவதில்தான் நடந்தது. முன்பெல்லாம் ஜாக்சன் ஹைட்ஸ் போவதை அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப்போடுவேன். இப்போது சனிக்கிழமை காலையில் வண்டியை விரித்துக்கொண்டு நானாகவே கிளம்பிவிடுகிறேன். எதிர் வீட்டுக்கும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டு, அவருக்கு முட்டைக்கோசும் எலுமிச்சையும் சேர்த்து வாங்கி வருகிறேன்.

வாங்குகிறவர்கள் பின்சக்கரம் 10 அங்குலத்துக்குக் குறையாமல், ரப்பர் கெட்டியாக, அச்சில் பின் உள்ளதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உயரமானவர்கள் கைப்பிடி 40 அங்குலமாவது இருக்கிற வண்டி எடுங்கள், குனிந்து இழுத்தால் இடுப்பு போய்விடும். உறைக்குத் தனியாக 15, 20 டாலர் ஒதுக்குங்கள். பனிக்காலம் முடிந்ததும் சக்கரத்தையும் அச்சையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இதைச் செய்தால் துரு அவ்வளவாகப் பரவுவதில்லை, வண்டியும் கிறீச்சிடாமல் ஓடுகிறது.